தாஷ்குடுக்கில் மசூதி திரும்பிய கோடை

தாஷ்குடுக் மசூதியில் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசையை மாற்றினால் கடைசியாகக் கை வைத்தவன் மட்டுமே பாவி என்று ஆகிவிடும், முதலில் கை வைத்தவர்கள் பளிங்குக் கல்லறைகளுக்குள் நிம்மதியாகப் படுத்துக் கிடப்பார்கள்.

முதல் அநியாயம் கிணற்றுக்கு நடந்தது. பாலைவனத்தின் ஓரத்தில் ஆடு மேய்ப்பவர்கள் கல் அடுக்கிக் கட்டிய கிணறு அது. தாஷ்குடுக் என்றாலே கல்கிணறு என்றுதான் பொருள். யாருக்கும் சொந்தமில்லை என்பதால் எல்லோருக்கும் சொந்தமாக இருந்தது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால், அண்ணனைக் கொன்று அரியணை ஏறிய ஒரு கான், அந்தப் பாவத்தைக் கழுவ மசூதி கட்டுவதாக நேர்ந்துகொண்டு, கழுவத் தண்ணீர் வேண்டுமே என்று கிணற்றைச் சுற்றி மதில் எழுப்பினான்.

இரண்டாவது, செங்கல்லின் பெயரால் நடந்தது. ஒன்றேகால் சாண் சதுரத்தில் தட்டையான செங்கற்கள், நாற்பது கிராமத்து ஆண்களை இரண்டு குளிர்காலம் சூளையில் நிறுத்தி அறுத்துச் சுட்டவை. சாந்து இறுக வேண்டும் என்று அதில் ஒட்டகப் பாலைக் கலந்தார்கள். அந்தப் பாலைக் குடித்திருக்க வேண்டிய பிள்ளைகளை மதிலுக்கு வெளியே புதைத்தார்கள்.

மூன்றாவது, திசைக்கு நடந்தது. தாஷ்குடுக்கிலிருந்து மக்கா தென்மேற்கே இருக்கிறது. தொழுகிறவர்கள் பார்க்க வேண்டிய திசை, கிப்லா, அதுதான். மெர்வு நகரத்திலிருந்து வந்த தலைமைக் கொத்தர் கயிறு பிடித்து அளந்து அதையே சொன்னார். ஆனால் கானின் தோட்டம் நேர் கிழக்கே இருந்தது, அங்கிருந்து புறப்பட்டால் குதிரையின் தலையை ஒருமுறைகூடத் திருப்பாமல் மசூதி வாசலில் வந்து நிற்க வேண்டும் என்பது அவன் ஆசை. "இப்படிக் கட்டினால் ஜனங்கள் கோணலாகத்தான் தொழ வேண்டியிருக்கும்" என்றார் கொத்தர். "வளைந்து போகிறவனாக நான் பிறக்கவில்லை, ஊர் வளையட்டும்" என்றான் கான். மசூதி நேர் மேற்கைப் பார்த்து எழுந்தது. ஒன்பது குவிமாடங்கள், தடித்த செங்கல் தூண்கள், வானத்தில் பாதியை மறைக்கும் வளைவு வாசல், வாசல் முழுக்க நீல ஓடு, ஓட்டில் கானின் பெயர்.

நான்காவது, கிழக்கிலிருந்து வந்த குதிரைப்படை உள்ளே லாயம் கட்டியது. மசூதிக் கோபுரமான மினாராவின் தலையை அடித்து உடைத்தது.

ஐந்தாவது, மசூதிக்கு எழுதி வைக்கப்பட்ட வாய்க்காலால் நடந்தது. முறை வராமல் அரை நாழிகை மடை திறந்த குற்றத்துக்காக பாபாஜான் என்ற குடியானவனை மசூதி முற்றத்தில் குப்புறப் போட்டு, முல்லா தீர்ப்புச் சொல்ல, அப்போது ஆண்ட அமீரின் ஆட்கள் முப்பத்தொன்பது அடி அடித்தார்கள். அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மகனின் பெயர் எர்நியாஸ்.

ஆறாவது, ருஷ்யச் சக்கரவர்த்தியின் அதிகாரி ஒருவன் நீல ஓடுகளை உளியால் பெயர்த்து, மாதிரிகள் என்று எழுதிய பெட்டிகளில் அடைத்து ரயிலேற்றிக்கொண்டு போனான்.

ஏழாவது அநியாயத்தை எர்நியாஸ் செய்தார்.

புரட்சி வந்தபோது அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல, துண்டுப் பிரசுரங்கள். எழுத்துக் கூட்டிப் படித்த முதல் வார்த்தை 'நிலம்', இரண்டாவது 'தண்ணீர்'. முப்பது வயதில் அவர் குரல் நாலு தெருவுக்குக் கேட்டது. அவர் பேசிய பேச்சில்தான் ஊர் கயிறு கட்டி மினாராவை இழுத்துத் தள்ளியது, மசூதி பருத்திக் கிடங்கானது. மக்காவின் திசையைக் காட்டும் சுவர் மாடமான மிஹ்ராபை உடைக்கச் சம்மட்டியோடு போனபோது, மசூதியில் பாங்கு சொல்லி வந்த கடைசி மோதினார் யோல்தாஷ் அதன் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் கூட்டத்தில் ஒரு பெயரை வாசிக்க வேண்டியிருந்தது. எர்நியாஸ் வாசித்தார். யோல்தாஷை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், லாரி மட்டும் திரும்பி வந்தது. மாடத்தை உடைக்க அப்புறம் யாருக்கும் கை வரவில்லை, அதன் மேல் பருத்தி மூட்டைகளை அடுக்கி மறைத்துவிட்டார்கள்.

இந்த ஏழும் நடந்து முடிந்து, ஏழாவதற்கும் இருபத்து நான்கு வயதான பிறகு, ஒரு கோடைக்காலத்தில், மதியச் சாப்பாடு முடிந்து ஊர் கண்ணயரும் நேரத்தில், மசூதி திரும்ப ஆரம்பித்தது.

முதலில் கண்டவர் டீக்கடை ஹம்தம். மசூதியின் கிழக்குச் சுவர் நிழல் தினமும் நாலு மணிக்கு அவருடைய மூன்றாவது பலகையைத் தொடும், அன்றைக்கு இரண்டாவதோடு நின்றுவிட்டது. பத்திரிகை வாசித்துக் காட்ட வந்திருந்த எர்நியாஸை அவர் கூப்பிட்டார்.

"எர்நியாஸ் அண்ணே, இங்க வாங்க. மசூதி நகந்துடுச்சா, இல்ல என் கடை நகந்துடுச்சா?"

"உன் கடை எப்படிடா நகரும்? உன் கடையில குடிச்ச டீயே வயித்துல நகர மாட்டேங்குது."

"தமாஷ் பண்ணாதீங்க. நிழலைப் பாருங்க."

எர்நியாஸ் பார்த்தார். சுவரின் மூலை தரையில் ஒரு சாண் அகலத்துக்குப் புதிய மண்ணைத் திறந்து விட்டிருந்தது. எண்ணூறு ஆண்டு வெயில் படாத மண், கறுப்பாக, ஈரமாக இருந்தது. அவர் குனிந்து விரல்களை விரித்து அளந்தார். பிறகு நிமிர்ந்து, "ஒரு சாண்" என்றார். ஹம்தம் பலகையை இழுத்து நிழலில் போட்டார், இருவரும் டீ குடித்தார்கள்.

மறுநாளும் ஒரு சாண், அதற்கு மறுநாளும் ஒரு சாண். ஆட்டுக்கல் சுற்றுவதைப் போன்ற சத்தம் மட்டும் கேட்கும், குழந்தைகள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கப் பழகிவிட்டன. குவிமாடங்களில் ஒரு விரிசல் இல்லை. கூரை இடுக்குகளில் கூடு கட்டியிருந்த குருவிகள், வெளியே போய் வருவதற்குள் கூடு ஒரு சாண் தள்ளிப் போயிருப்பதைக் கண்டு இரண்டு நாள் குழம்பின, மூன்றாம் நாளிலிருந்து சரியான இடத்துக்கே வந்து இறங்கின. ஊரும் அப்படித்தான். கடவுள் செயல் என்று சொல்ல ஆள் இல்லை, சொன்னவர்கள் போன இடம் எல்லோருக்கும் தெரியும். விஞ்ஞானம் என்று சொல்லவும் ஆள் இல்லை, பள்ளிக்கூட ஆசிரியர் கேள்வி வரும் என்று பயந்து மாமனார் ஊருக்குப் போய்விட்டார். மசூதி திரும்புகிறது, அவ்வளவுதான். ஆறு கரை மாறுவதில்லையா, மணல்மேடு இடம் மாறுவதில்லையா, எழுத்தே இரண்டு தடவை மாறவில்லையா என்று ஊர் தன் வேலையைப் பார்த்தது.

வடக்குப் பக்கம் மசூதியை ஒட்டியிருந்தது சபூராவின் வீடு. இருபதாவது நாள் மசூதியின் மூலை அவள் சமையலறைச் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. சபூரா பானைகளை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, வந்த மூலையைத் துணியால் துடைத்தாள். பகல் முழுக்க வெயில் குடித்த செங்கல் ஆனதால் மாலையில் கதகதப்பாக இருந்தது. பிசைந்த மாவை அதை ஒட்டி வைத்தால் சீக்கிரம் பொங்குகிறது என்று கண்டுபிடித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் மாவுத் தட்டுகளோடு வந்தார்கள். பதினொரு நாள் அந்த மூலை அவள் வீட்டில் இருந்தது, பன்னிரண்டாம் நாள் மறுபக்கச் சுவர் வழியாக வெளியேறிவிட்டது. சபூரா இரண்டு ஓட்டைகளையும் களிமண் வைத்து அடைத்தாள். "விருந்தாளியாட்டம் வந்தாரு, ஒரு பேச்சு சொல்லாம போயிட்டாரு" என்று ஒரு மாதம் குறைபட்டுக்கொண்டாள்.

மசூதி எதை நோக்கித் திரும்புகிறது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் தாஷ்குடுக் ஊர்க்காரர்களுக்கு அது உடம்பிலேயே தெரிந்திருந்தது. கான் கட்டிய கோணலை எண்ணூறு ஆண்டுகளாக ஊர் தன் உடம்பால் திருத்திக்கொண்டு வந்திருக்கிறது. மசூதி மேற்கே பார்க்கும், உள்ளே நிற்பவர்கள் இடது தோளைப் பின்னுக்கு இழுத்து, அரைவாசி திரும்பி, தென்மேற்கைப் பார்த்து நிற்பார்கள். தொழுகை விரிப்புகளைச் சுவருக்குக் குறுக்காகத்தான் போடுவார்கள். பழகிப் பழகி அது நடையில் ஏறியது, உட்காருவதில் ஏறியது. தாஷ்குடுக்கில் கட்டிலைச் சுவரோடு சேர்த்துப் போட மாட்டார்கள், கொஞ்சம் கோணலாகத்தான் போடுவார்கள். புகாரா சந்தையில் இடது தோள் பின்வாங்க நிற்கும் ஆளைப் பார்த்தால் தர்பூசணி விற்கிறவன்கூட "தாஷ்குடுக்கா?" என்று கேட்டுவிடுவான். நாத்திகரான எர்நியாஸ் மேடையில் நின்று முழங்கிய காலத்திலும் அப்படித்தான் நின்றார், அது அவருக்கே தெரியாது.

அறுபதாவது நாள் பருத்தி வெடித்தது. மசூதி வாசல் இப்போது சாலையைப் பார்க்கவில்லை, வடகிழக்கே கால்வாயைப் பார்த்தது. வாசலை நெருங்க வழியில்லாமல் லாரிகள் கால்வாய் ஓரத்திலேயே நின்றன. பருத்தி திறந்த வெளியில் மலையாகக் குவிந்தது. ஒரு மழை வந்தால் போதும். அதுவரை மசூதி திரும்புவதைக் கண்டுகொள்ளாத மாவட்டம், பருத்தி நனையும் என்றதும் கண்டுகொண்டது.

மாவட்டத்திலிருந்து தோழர் துர்சுனோவ் வந்தார். ஐம்பது வயது, பல்வலியால் வீங்கிய கன்னம், அதில் ஒரு கைக்குட்டை. கூட வந்த நில அளவையாளர் இரண்டு நாள் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, சுவரின் அடியைத் தோண்டச் சொன்னார். அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ கனத்துக்கு நாணல் பரப்பியிருந்தது. பூமி அதிர்ந்தால் சுவர் அதிராமல் இருக்கவும், மண்ணின் உப்பு செங்கல்லில் ஏறாமல் இருக்கவும் அந்தக் காலத்துக் கொத்தர்கள் செய்த ஏற்பாடு. நாணல் ஈரமாக இருந்தது. "ஈரமான நாணல் வழுக்கும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அளவையாளர் போய்விட்டார். நாணலுக்கு ஈரம் எங்கிருந்து வந்தது? கிடங்குக் காவல்காரி தினமும் தரையில் தண்ணீர் தெளிக்கிறாள். காவல்காரி யார்? மோதினார் யோல்தாஷின் மனைவி நோர்பீபி. துர்சுனோவுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தேவை இருக்கவில்லை.

அவர் எர்நியாஸைக் கூப்பிட்டனுப்பினார். கமிட்டி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை அறிக்கை வாசிக்கணும், தோழர். நீங்கதான் வாசிக்கணும். இங்க எல்லா அறிக்கையும் நீங்க வாசிச்சதுதானாமே."

"பொறுப்பாளி யாரு?"

"கட்டம் காலியாதான் இருக்கு, உங்க ஊர் வழக்கப்படி. ஆனா சொல்லிடறேன். நோர்பீபி."

தாஷ்குடுக் வழக்கம் அது. அரபி எழுத்தைப் படித்த ஊருக்கு ஒரு நாள் லத்தீன் எழுத்து வந்தது, அதைப் படித்து முடிப்பதற்குள் ருஷ்ய எழுத்து வந்தது, இரண்டு முறையும் ஊர் மொத்தமும் ஒரே நாளில் கைநாட்டானது. இரண்டாவது மாற்றத்தின்போது ஓர் எழுத்தர் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டதில், பிடிக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு அடுத்த தெருக்காரனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்து, அறிக்கையில் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுத்தான் கொண்டுவர வேண்டும், வாசிப்பவர் பெயரைச் சாட்சிகள் ஐந்து பேர் காதில் விழ உரக்கச் சொல்ல வேண்டும், அவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகே எழுத்தர் மையைத் தொடலாம் என்று ஆகிவிட்டது. மாவட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. காதில் விழுந்த பெயரை எந்த எழுத்தாலும் மாற்ற முடியாது.

"அந்தப் பொம்பளை தூசி அடங்கத் தண்ணி தெளிக்கிறா" என்றார் எர்நியாஸ். "ஒரு குடம் தண்ணியில ஒன்பது குவிமாடம் நகருமா?"

"நகராது."

"அப்புறம்?"

"கட்டடம் திரும்புறது கட்டடத்தோட விஷயம், தோழர். பருத்தி உள்ள போகலைங்கறது என் விஷயம். மேல ஒரு பேர் கேட்கிறாங்க. நான் போய் 'அதுவா திரும்பிச்சு'ன்னு சொன்னா, அடுத்த அறிக்கையில என் பேரை யாராவது வாசிப்பாங்க."

"கானோட பேரை எழுதுங்க. கோணலாக் கட்டினவன் அவன்தான்."

துர்சுனோவ் சிரித்தார், சிரித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "செத்தவனை லாரியில ஏத்த முடியாது. உயிரோட இருக்கிற ஒரு ஆள் வேணும், இந்தக் கிடங்கோட சம்பந்தம் இருக்கணும், ஊர் நம்பணும். அவ்வளவுதான். எனக்கு அந்த அம்மா மேல கோபமெல்லாம் இல்ல." வெந்நீரை ஜன்னல் வழியாகத் துப்பினார். "எனக்கு யார் மேலயும் கோபம் வர்றதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. உங்களுக்கு?"

எர்நியாஸ் எழுந்து வெளியே வந்தார். அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் அது வழக்கமான பாதையில் ஓடிப் பார்த்துவிட்டு, கானும் இல்லை, அமீரும் இல்லை, முல்லாவும் இல்லை என்று கண்டு, வந்த வழியே திரும்பி அவரிடமே வந்து உட்கார்ந்துகொண்டது.

இருபத்து நான்கு ஆண்டுகளாக அவரும் நோர்பீபியும் பேசியதில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் அவள் நின்று விடுவாள், அவர் கடந்து போகும்வரை அவர் முகத்தையே பார்ப்பாள், அவர் போன பிறகுதான் நடப்பாள். அன்று பிற்பகல் அவர் கிடங்கு வாசலுக்குப் போனார். சென்ற ஆண்டுப் பருத்தியை ஏற்றிவிட்டதால் உள்ளே காலியாக இருந்தது, மூட்டை மறைக்காத மிஹ்ராப் நெடுநாளுக்குப் பிறகு தெரிந்தது. சுதையில் செதுக்கிய கொடிகள், அவற்றுக்கு நடுவே ஒன்பது இதழ்ப் பூக்கள், எந்த இரண்டு பூவும் ஒன்றுபோல் இல்லை. நோர்பீபி குடத்திலிருந்து கையால் தண்ணீர் அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"செருப்புச் சத்தத்துலயே தெரியுது. என்ன, பேர் என்னோடதுதானா?"

"ஆமா."

"வெள்ளிக்கிழமையா?"

"ஆமா. நோர்பீபி, இந்தத் தண்ணி தெளிக்கிறதை நிறுத்தக் கூடாதா? இன்னும் மூணு நாள்தானே..."

"தூசி பறக்கும்." அவள் அடுத்த கை தண்ணீரைத் தெளித்தாள். "உள்ள மூணு சட்டை, ஒரு கம்பளி, கனமான பூட்ஸு எடுத்து வச்சிருக்கேன். போன தடவை அவரு செருப்போட போனாரு. தெரியுமா உனக்கு? ஜனவரி மாசம், செருப்போட."

எர்நியாஸ் தூணில் சாய்ந்து நின்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் எந்தப் பிரசுரத்திலும் படித்ததில்லை, அது எப்படித் தொடங்கும் என்று தெரியவில்லை.

"உன் கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன்" என்றாள் நோர்பீபி. "அவர் பேரை நீ நீட்டி வாசிச்ச. 'யோல்...தாஷ்'னு, பாங்கு சொல்ற மாதிரி. கூட்டமே கை தட்டுச்சு. என் பேரை நீட்டாத. சின்னப் பேரு. சின்னதா வாசிச்சிட்டு உக்காரு."

"அப்ப நான் நம்பினேன்."

"நான் மட்டும் நம்பலையா? உன் கூட்டத்துக்கு முத வரிசையில வந்து உக்காந்தவ நான். தண்ணி எல்லாருக்கும்னு சொன்னியே, அதைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்து அவர்கிட்ட சண்டை போட்டேன், எர்நியாஸ் சொல்றது சரின்னு." அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். "போ. ஈரம் காயட்டும், மிதிக்காத."

வியாழக்கிழமை மதியம் ஆட்டுக்கல் சத்தம் கேட்கவில்லை. சத்தம் இல்லாததால் குழந்தைகள் விழித்து அழுதன. மசூதி நின்றுவிட்டது. ஊர் வெளியே வந்து பார்த்தது, தலையசைத்தது, திரும்பிப் போனது. துர்சுனோவ் அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார். பிற்பகல் தொழுகை நேரத்தில், வெயில் இன்னும் சாயாதபோது, பதினோரு கிழவர்கள் ஒவ்வொருவராக, பருத்தி நிலவரம் பார்க்கப் போகிறவர்களைப் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கிடங்குக்குள் நுழைந்தார்கள். ஹம்தம் கடையில் இருந்த எர்நியாஸ் அதைக் கவனித்தார். யாராவது கேட்டால் சொல்ல ஒரு சாக்கு வேண்டுமே என்று பத்திரிகையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

கிழவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எண்ணூறு ஆண்டுகளில் முதல்முறையாக மிஹ்ராப் மக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தது, மெர்வு நகரத்துக் கொத்தர் கயிறு பிடித்த அதே திசை. கிழவர்களோ வழக்கம்போல இடது தோளைப் பின்னுக்கு இழுத்து, அரைவாசி திரும்பி, தெற்கே எங்கோ மணல்வெளியைப் பார்த்து நின்றார்கள். ஒருவராவது நேராக இல்லை. எர்நியாஸுக்குச் சிரிப்பு வந்தது, எத்தனையோ ஆண்டுகளாக வராத சிரிப்பு, பத்திரிகையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு, கடவுள் இல்லை என்று முப்பது ஆண்டு பிரசங்கம் செய்த மனிதர், வரிசையின் பின்னால் போய் நின்று, "நேரா நில்லுங்க, இப்ப சரியாதான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார்.

கடைசியில் நின்ற கொல்லன் இஸ்லாம்குல் திரும்பிப் பார்த்தார். "தெரியுது எர்நியாஸ். நேரா நின்னா விழுந்துடுவேன் போல இருக்கு. முதுகு கேக்க மாட்டேங்குது."

"கொஞ்சம் முயற்சி பண்ணுங்க."

"நீ மட்டும் எப்படி நிக்கிற, பாரு."

எர்நியாஸ் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். தரையின் செங்கல் வரிகள் நேராக ஓடின, அவருடைய செருப்புகள் அவற்றுக்குக் குறுக்கே கிடந்தன. கால்களை நேராக்கினார், இடுப்பு முறுக்கியது. இடுப்பை நேராக்கினார், தலை திரும்பிக்கொண்டது. கிழவர்கள் தொழுது முடித்துப் போன பிறகும் அவர் தனியே நின்று முயன்று பார்த்தார். பிறகு களைத்துப் போய், ஈரத் தரையில் உட்கார்ந்தார்.

அங்கே உட்கார்ந்துதான் அவர் கணக்கெடுத்தார். மினாரா இடிந்ததைப் பற்றிய அறிக்கையில் 'மக்கள் இழுத்தார்கள்' என்று இருந்தது. கிடங்கு திறந்ததைப் பற்றிய அறிக்கையில் 'மக்கள் திறந்தார்கள்'. யோல்தாஷ் பற்றிய அறிக்கையில் 'மக்கள் அடையாளம் காட்டினார்கள்'. மாவட்டத்து அலமாரியில் இருக்கும் நூற்றுக்கணக்கான தாள்களில், எல்லாவற்றையும் வாசித்தவரின் பெயர் ஒன்றில்கூட இல்லை. கை சுத்தம் என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று இத்தனை காலம் அவர் மார்தட்டி வந்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க வேலை செய்த ஆளுக்கு ஒரு தாளிலும் பெயர் இல்லையா? கானாவது நீல ஓட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முற்றத்தில் மேசை போட்டார்கள். மேசையைத் தூக்கி வந்தவர்கள் அதைச் சுவருக்குக் கோணலாகவே வைத்தார்கள், துர்சுனோவ் இரண்டு முறை நேராக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சாட்சிகள் ஐந்து பேர்: டீக்கடை ஹம்தம், சபூரா, கொல்லன் இஸ்லாம்குல், இரண்டு லாரிக்காரர்கள். எழுத்தர் மைப்புட்டியைத் திறந்து பேனாவை அதன் வாயில் சாய்த்து வைத்தார். வெளியே லாரி ஓடிக்கொண்டிருந்தது. நோர்பீபி தோளில் மூட்டையோடு, முழங்கால் வரை பூட்ஸ் கட்டி, அந்த வெயிலில் மூன்று சட்டைகளையும் போட்டுக்கொண்டு நின்றாள், முகமெல்லாம் வேர்வை.

"பெரியம்மா, மூட்டையைக் கீழ வையுங்களேன்" என்றான் ஒரு லாரிக்காரன்.

"வச்சா திரும்ப யாரு தூக்குறது?" என்றாள் அவள்.

எர்நியாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். இருமினார், தண்ணீர் கேட்டார், ஹம்தம் கொடுத்தார். பிறகு வாசிக்கத் தொடங்கினார். கிடங்குக் கட்டடம் தன் இடத்திலிருந்து இடப்பக்கமாக எழுபது நாட்கள் திரும்பியது, மழைக்கு முன் பருத்தியை உள்ளே வைக்க வழியில்லாமல் போனது, அஸ்திவாரத்தின் நாணல் ஈரமாக இருந்தது, இது கவனக்குறைவாலோ வேண்டுமென்றோ நடந்தது. வாசிக்க வாசிக்கப் பழைய குரல் திரும்பி வந்தது, முற்றத்தின் நாலு சுவரிலும் மோதியது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். துர்சுனோவ் கன்னத்தைப் பிடித்தபடி கண்களை மூடிக்கொண்டார்.

தாளின் அடியில் காலிக் கட்டம் வந்தது. எழுத்தர் பேனாவை எடுத்தார். எர்நியாஸ் தாளை மேசையில் வைத்துவிட்டார், இனி அதில் பார்த்து வாசிக்க எதுவும் இல்லை. நோர்பீபி பக்கம் அவர் திரும்பவில்லை. ஐந்து சாட்சிகளையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார், எல்லோரும் கேட்கிறார்களா என்று உறுதி செய்துகொள்பவரைப் போல.

"சாட்சிகள் திருப்பிச் சொல்லணும்" என்றார். "கட்டடத்தைத் திருப்பியதற்குப் பொறுப்பாளி: தாஷ்குடுக் ஊர், பாபாஜான் மகன் எர்நியாஸ்."